உறுமுவதற்கு முன் யாராவது சொல்லியிருக்கலாம்

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து பைக்கை எடுக்கும்போது எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவன் ஓடி வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "அண்ணா, நீங்க முன்னாடி மெட்டல் பேண்ட்ல பாடினீங்களாமே. எனக்கு குரோல் பண்ணக் கத்துக்கணும். யூடியூப் பாத்தா போதுமா?" என்றான். மெட்டல் என்பது காதைப் பிளக்கும் ராக் இசை, குரோல் என்றால் அதில் உறுமுகிற மாதிரிப் பாடுவது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே "போதாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் வயதில் இதைக் கேட்க எனக்கு ஆளே இல்லை. இருந்திருந்தால் வட்டியோடு மூன்றே முக்கால் லட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும். மேல் ஸ்தாயியில் நாலு சுரமும் மிஞ்சியிருக்கும். அவனிடம் நின்று சொல்லாததை இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களில் மேல் குரல், அம்மா ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர். வீட்டில் இரவு ஜெபத்துக்குப் பாமாலை ஒன்று, கீர்த்தனை ஒன்று என்று தினமும் பாடியாக வேண்டும். எனக்கு அப்போது பெண்பிள்ளைகள் மாதிரி உச்சஸ்தாயி வரும், அதனால் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் முன்வரிசை எனக்குத்தான். 1998-இல், பதின்மூன்று வயதில், கப்பலில் வேலை பார்த்த அத்தான் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்ட்ரைப்பர் என்ற குழு 1986-இல் போட்ட ஆல்பம். பெயர் 'டு ஹெல் வித் த டெவில்'. பிசாசே, நரகத்துக்குப் போய்த் தொலை என்றுதான் பொருள். அம்மாவின் கண்ணுக்குப் பட்டது ஹெல்லும் டெவிலும் மட்டும். "ஏல, இது என்னல பேய்ப் பாட்டு?" என்று பிடுங்கிக்கொண்டார். அத்தான் மன்றாடிய பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தார்: பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற காக்கி அட்டையைக் கேசட் டப்பாவுக்கும் போட்டு, அதன்மேல் தன் அழகான கையெழுத்தில் 'பக்திப் பாடல்கள்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்வீட்டின் குரலைக் கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், உடையவே உடையாது. மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாகப் போட்ட உடை, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டை வீசுவார்கள் என்றெல்லாம் அத்தான் கதை கதையாகச் சொல்வார். குழுவின் சின்னத்தின் கீழே ஏசாயா 53:5 என்று இருக்கும். பழைய ஆங்கில வேதாகமத்தில் அந்த வசனத்தில் வருகிற 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற சொல்லுக்குச் சாட்டையடியின் தடம் என்றும் பொருள், பட்டைக்கோடு என்றும் பொருள். குழுவின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. தமிழில் அந்தச் சிலேடை நிற்காது. நம் வேதாகமத்தில் 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்றுதான் இருக்கிறது. தழும்பு என்றால் தழும்புதான். அந்தச் சொல் பின்னால் ஒரு டாக்டர் வாயிலிருந்து எனக்கு வரும் என்று அன்றைக்குத் தெரியாது.

படிக்கச் சென்னை வந்தேன். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் குழு வாசித்தபோது நாலு பேர் லால்பாக் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் தொங்கிக்கொண்டு போனோம். திரும்பும்போது தொண்டை முழுக்கப் புழுதி. கரகரத்த குரலில் ரயிலிலேயே பேண்ட் பேசி முடித்தோம். நான் பாட்டு, இரண்டு பேர் கிட்டாரும் பேஸும், நாலாமவன் டிரம்ஸ். டிரம்மர் வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். பாட்டெல்லாம் வேதாகமத்துச் சங்கீத வசனமும் யோபுவின் புலம்பலுமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன். "டபுள் பேஸ் இருக்குல்ல? அப்ப சரி" என்றான். இரண்டு காலாலும் மிதித்து வேகமாக அடிக்கிற டிரம்மைத்தான் சொன்னான். கார்த்திகை மாதம் வந்தால் கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் மாலை, வெறுங்காலோடு வந்து உட்காருவான். எங்கள் நாலு பேரில் பார்க்க மெட்டல்காரன் மாதிரி இருந்தது அவன் ஒருவன்தான்.

இனி தொண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் தப்பு ஆரம்பித்தது இங்கேதான். மைக்கேல் ஸ்வீட் மாதிரி உச்சத்தில் பாடுவது எனக்கு ஓரளவு வந்தது. ஆனால் எங்களுக்குப் பிடித்த இன்னொரு குழு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த மார்ட்டிஃபிகேஷன். அதில் ஸ்டீவ் ரோ பாடுவதில்லை, உறுமுவார். நானும் உறுமினேன். எப்படி? தொண்டையை இறுக்கி, எச்சிலை விழுங்குகிற மாதிரி அமுக்கி, வயிற்றிலிருந்து தள்ளி. ஒரு மணி நேரத்தில் வாயில் இரும்புத் துரு ருசி வரும். அதைப் பெருமையாக வேறு நினைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் கரகரவென்று பேசினால் "என்ன, நேத்து ஜாமிங்கா?" என்று கேட்பார்கள், அதிலும் ஒரு சந்தோஷம்.

நடப்பது இதுதான். தொண்டையில் கீழ்த்தளத்தில் உண்மையான குரல் நாண்கள் இரண்டு இருக்கின்றன. ஆண் சாதாரணமாகப் பேசும்போதே நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அவை ஒன்றோடொன்று மோதும், உச்சத்தில் பாடினால் நானூறைத் தாண்டும். அதற்கு மேலே பொய்க் குரல் நாண்கள் என்று இரண்டு தடித்த மடிப்புகள். தெரிந்தவர்கள் உறுமும்போது பெரும்பாலும் இந்த மேல் மடிப்புகளை அதிரவைக்கிறார்கள், கீழே இருப்பவற்றை நசுக்குவதில்லை. சத்தமும் நாம் நினைக்கிற அளவு பெரியதில்லை, பாதி வேலையை மைக் பார்த்துக்கொள்ளும். நான் கீழே இருந்ததை வருடக்கணக்காக நசுக்கினேன். நியூயார்க்கில் மெலிஸ்ஸா கிராஸ் என்ற பாட்டு ஆசிரியை இதைச் சொல்லித்தர 2005-லேயே டிவிடி போட்டிருக்கிறார். எனக்கு அது தெரிந்தது பத்து வருடம் கழித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில். தம்பிக்கு நான் சொல்லப்போகிற சோதனை எளியது. உறுமி முடித்த அடுத்த நிமிடம் ஒரு கீர்த்தனையை மெல்லிய குரலில் பாடிப் பார். காற்றுக் கலக்காமல் வந்தால் சரி. அரித்தாலோ, இருமல் வந்தாலோ, குரல் விட்டு விட்டு வந்தாலோ அன்றைக்குக் கடையைக் கட்டிவிடு. வலி என்பது பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குத் தொண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்தது சபை. 2009 அறுப்பின் பண்டிகைக்கு வாலிபர் நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு வாசிக்க அனுமதி வாங்கியிருந்தோம். கோவிலுக்குள் இல்லை, பக்கத்து ஹாலில்தான். முதல் பாட்டில் இரண்டாவது சரணம் வந்திருக்கும், திடீரென்று மின்விசிறி உட்பட எல்லாம் நின்றது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் மெயினை அணைத்துவிட்டார். இருட்டில் டிரம்மர் மட்டும் நாலு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டு நிறுத்தினான். பின்னாலிருந்து ஒரு அம்மாள் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று ஜெபிக்கத் தொடங்கினார். மறுவாரம் பாடகர் குழுவில் என் நாற்காலியில் வேறு பையன் உட்கார்ந்திருந்தான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. அப்பாவுக்கு எப்படியோ செய்தி போய், போனில் "எனக்குப் பாட்டு புரியலை. ஆனா உன் நாற்காலியை அவங்க எடுத்தது தப்பு" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அழுகை வந்தது.

இந்தச் சண்டை புதிதில்லை என்று தெரிந்துகொண்டபோது கொஞ்சம் ஆறுதல். ஸ்ட்ரைப்பர் குழுவின் ஸ்வீட் சகோதரர்கள் சின்ன வயதில் யாருடைய டிவி பிரசங்கத்தைக் கேட்டு மனம் திரும்பினார்களோ, அதே ஜிம்மி ஸ்வாகர்ட்தான் பின்னால் கிறிஸ்தவ ராக் இசையைக் கண்டித்துப் பேசினார். நம் பக்கத்திலும் உண்டு. இன்று நாம் கண்ணை மூடிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே, 1820களில் வந்த புதிய மிஷனெரிகள் கோவிலில் தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் தடுத்தபோது எதிர்த்து எழுதினார். அதே எழுத்தில் சாதிப் பாகுபாட்டுக்கும் வக்காலத்து வாங்கினார், அது வேறு வருத்தம். பின்லாந்தில் 2006 முதல் லூத்தரன் சபையிலேயே மெட்டல் ஆராதனை நடக்கிறது, ஞானப்பாட்டுகளையே அந்த வாத்தியங்களோடு பாடுகிறார்கள். ஆனால் இதையெல்லாம் கமிட்டியில் போய் வாதாடப் பயன்படுத்தாதே. நான் செய்தேன், மூன்று மீட்டிங் வீணானது. பலித்தது வேறொன்று. பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்து, பக்கத்தில் வசனக் குறிப்பும் போட்டு, ஆயரிடம் இரண்டு வாரம் முன்னாலேயே கொடுத்தேன். அவர் படித்துவிட்டு "இதில் தப்பு ஒண்ணும் இல்லையே தம்பி. ஆனா நீ பாடும்போது ஒரு வார்த்தையும் விளங்கலையே" என்றார். அது நியாயமான பேச்சு. மெயினை அணைத்தவர்கூட அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே போனால் எதிர்ப்பக்கத்து அடி. கல்லூரிக் கல்ச்சுரல்ஸ் போட்டிகளில் நாங்கள் மேடை ஏறினாலே முன்வரிசையில் நாலு பேர் கையைத் தூக்கி "ஸ்தோத்திரம் மச்சி!" என்று கத்துவார்கள். ஒரு தடவை தண்ணீர் பாட்டில் வந்தது, மூடி திறந்த நிலையில். நடுவர் ஒருவர் "வாசிப்பு அருமை, மதப் பிரசாரத்தைக் குறைக்கலாம்" என்று மதிப்பெண் தாளில் எழுதினார். பிசாசைப் பற்றிப் பாடுகிற குழுக்களுக்கு அவர் அப்படி எழுதியதில்லை. கொஞ்ச நாள் கோபம் இருந்தது, பிறகு வந்தவர்களில் பத்துப் பேர் ரசித்தால் போதும் என்று பழகிவிட்டேன். சோர்வு வேறிடத்தில் வந்தது. சபைக்காரர்களுக்கு நிரூபிக்க இன்னும் பக்தியாகவும், மெட்டல் கூட்டத்துக்கு நிரூபிக்க இன்னும் உறுமலாகவும் பாட வேண்டியிருந்தது. இரண்டையும் தாங்கியது ஒரே தொண்டை.

பணத்துக்கு வருவோம். 2012-இல் ஆல்பம் போட்டோம். ஸ்டுடியோ மணிக்கு 500 ரூபாய். அறுபது மணி நேரம் போதும் என்று போனோம், 110 மணி நேரம் ஆனது. 55,000. மிக்ஸிங், மாஸ்டரிங் 60,000. அட்டைப்படம் 12,000. ஐந்நூறு சிடி அடிக்க 25,000. ஒரு வீடியோ 70,000. ஆக மொத்தம் 2,22,000. சிடி 150 ரூபாய்க்கு விற்றது 140, அதில் வந்தது 21,000. மீதிப் பெட்டிகள் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன, மனைவி ஒவ்வொரு பொங்கலுக்கும் விசாரிப்பார். இணையத்தில் கேட்டதற்கு இரண்டு வருடத்தில் கைக்கு வந்தது 1,840 ரூபாய். ஸ்டுடியோ நேரம் எகிறியதற்குக் காரணம் ஒன்றுதான். நாங்கள் ஸ்டுடியோவுக்குள் போய்ப் பயிற்சி எடுத்தோம். வெளியே போனிலேயே முழு ஆல்பத்தையும் ஒரு தடவை பதிவு செய்து கேட்டுவிட்டுப் போயிருந்தால் பாதி மிச்சம். குரல் பதிவை ஒரே நாளில் எட்டு மணி நேரம் வைத்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். உறுமல் பதிவு என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், நடுவில் இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம்.

அதை வெளியிட ஒரு சிறிய நிறுவனம் முன்வந்தது. ஒப்பந்தம் ஒன்பது பக்கம். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், வெளியிட ஆள் கிடைத்ததே பெரிது என்ற எண்ணம். உலகம் முழுக்க, காலவரையறை இல்லாமல் எல்லா உரிமையும் அவர்களுக்கு என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. பைசா முன்பணம் இல்லை. இப்போது தெரிந்தவற்றைச் சொல்கிறேன். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது, அப்படி எழுதினாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவர்கள் 'உலகம் முழுக்க, என்றென்றைக்கும்' என்று மெனக்கெட்டு எழுதுகிறார்கள். அந்த இரண்டு சொல்லைத் தேடிப் பிடித்து அடித்துவிட்டு, 'மூன்று ஆண்டு' என்று எழுதித் தரச் சொல். பாட்டு எழுதுகிறவனும் இசை அமைக்கிறவனும், ராயல்டியை வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிவிட வேண்டும், 1969 முதல் இருக்கிற அமைப்பு அது. குழுவுக்குள்ளும் யார் எழுதியது, யார் இசை என்று பாட்டு வாரியாக ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

2014-இல் ஐரோப்பா ஆசை. அங்கே ஒரு சுற்றுப்பயண ஏற்பாட்டாளர், ஐந்து ஊர்களில் முதல் குழுவாக வாசிக்க 1,800 யூரோ கேட்டார். வாசிக்கிறவன் காசு கொடுக்க வேண்டுமா என்று அப்பா கேட்டதற்கு, "அங்கெல்லாம் அப்படித்தான்ப்பா" என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். அந்த வழக்கம் நிஜமாகவே இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் பாதிப்பணம் 900 யூரோ அனுப்பிய பிறகுதான் அழைப்புக் கடிதமே வந்தது. அதில் ஊர்களின் பெயர் இருந்தது, அரங்கங்களின் பெயர் இல்லை. நாலு பேருக்கும் விசா மறுத்தார்கள். விசாவுக்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தேன், விலை குறைவு என்று. முன்பணம், டிக்கெட், விசாக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,23,000 போனது. ஆல்பத்துக்கும் இதற்குமாகச் சேர்த்து நான் வாங்கிய தனிநபர் கடன் மூன்று லட்சம், 15 சதவீத வட்டி, மாதம் 10,400 வீதம் 36 மாதம். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது வயிற்றைப் பிசையும். நீ எப்போதாவது இப்படிப் போவதானால் அரங்கங்களுக்கு நேரே மின்னஞ்சல் போட்டு, அந்தத் தேதியில் உங்கள் குழுவின் பெயர் இருக்கிறதா என்று கேள். இரண்டே அரங்கம் பதில் சொன்னாலும் விஷயம் தெரிந்துவிடும். திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன் எடுக்காதே.

கடனை அடைக்க அதிகமாக மேடை ஏறினேன். கல்லூரி, பப், திருமண வரவேற்பில் பழைய ஆங்கிலப் பாட்டு என்று எதையும் விடவில்லை. 2015 பிப்ரவரியில் மூன்று நாளில் மூன்று மேடை. இரண்டாம் நாளே சளி, தொண்டை வீக்கம். மருந்துக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள், தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஸ்டீராய்டு ஊசி. மாயம் போல வீக்கம் வடிந்து குரல் திறந்தது. இரவு மேடையில் கடைசிப் பாட்டின் உச்சத்தில் உள்ளே நூல் அறுந்த மாதிரி ஒன்று. வலியே இல்லை. மறுநாள் காலை ஆட்டோவில் ஏறி "கோடம்பாக்கம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, நான் பேச முடியாதவன் என்று நினைத்து, கையால் 'எங்கே?' என்று சைகை செய்தார். நானும் சைகையிலேயே வழி காட்டி வந்து சேர்ந்தேன். அன்றைக்கு மீட்டர் மேலே ஒரு ரூபாயும் கேட்காமல் விட்டது அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு ஆறு வாரத்தை நானே வீணாக்கினேன். முதலில் பார்த்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து "தொண்டைப் புண்" என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார். அப்புறம் மிளகுப் பால், ஆடாதொடை, சித்தரத்தை. அப்புறம் ஒரு ஜெபக்குழுவில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, எனக்கு அந்த ஜெபம் தேவைப்பட்டது. ஆனால் அவர்களில் ஒருவர், இது உறுமிப் பாடியதற்குத் தேவன் கொடுத்த சிட்சை, டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்றார். பாதி நம்பினேன். இரவில் படுத்துக்கொண்டு, பதில் சொல்லக்கூடக் குரல் இல்லாமல், இது தண்டனைதானா என்று விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன். என் மனைவிதான் கோபத்தில், "அவருக்குச் சர்க்கரை வந்தப்ப மாத்திரை போட்டாரா இல்லையா, அதை மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றார். ஸ்டீவ் ரோவுக்கு 1996-இல் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஜெபமும் செய்தார்கள், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் செய்துகொண்டார், பிழைத்து வந்து மறுபடி ஆல்பம் போட்டார். எனக்கு அதுவரை நினைவுக்கே வராத விஷயம்.

குரல் போனால் டார்ச் போதாது. ஸ்ட்ரோபோஸ்கோப்பி வேண்டும். விட்டு விட்டு எரியும் வெளிச்சத்தில், அதிர்கிற நாண்களை மெதுவாகக் காட்டுகிற சோதனை. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, "ஈ" என்று சொல்லச் சொன்னார்கள். திரையில் பார்த்தேன். முத்துப்போல் வெள்ளையாக இருக்க வேண்டிய இடது நாணில் பழைய ரத்தக்கட்டின் மஞ்சள், விளிம்பில் உளுந்து அளவுக்கு ஒரு பாலிப், அதாவது சதை முளை. அம்மா வயதுள்ள அந்த டாக்டர் நிதானமாக விளக்கினார். நாணில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும், அது போட்டுக்கொண்டு கத்தினால் கசிவு எளிது. ஸ்டீராய்டு வீக்கத்தை மறைத்துவிட்டது, வீங்கியிருந்தால் அந்த உச்சத்துக்கு நீங்கள் போயிருக்கவே முடியாது. அன்றைக்கே வந்து ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்திருந்தால் தானாகக் கரைந்திருக்கலாம். இப்போது அறுவை சிகிச்சைதான். "சரியாகுமா?" என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். "பேச்சு சரியாகும். பாட்டுக்கு, உள்ளே தழும்பு எவ்வளவு விழுகிறது என்பதைப் பொறுத்தது" என்றார். தழும்பு. ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு வந்தவர் அந்த ஒரு சொல்லை ஏன் தமிழில் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு 78,000. கம்பெனி இன்ஷூரன்ஸ் பெரும்பகுதியைக் கொடுத்தது. ஆனால் முதலில், பாடுவதற்காகக் குரலை மேம்படுத்தும் சிகிச்சை என்று யாரோ எழுதிவிட்டதால் நிராகரித்தார்கள். ஆறு வாரமாகக் குரல் கம்மல், நாணில் பாலிப், எடுத்த திசு பரிசோதனைக்குப் போகும் என்று டாக்டர் திருத்தி எழுதிய பிறகே நகர்ந்தது. அந்தத் தாளை நீயே ஒரு தடவை படித்துவிட்டுக் கொடு. பிறகு ஏழு நாள் முழு மௌனம். மகளின் மாயச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன், அவள் என் எழுத்துப்பிழைகளைத் திருத்தினாள். கிசுகிசுவென்று பேசலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது, அதுவும் நாண்களுக்குச் சிரமம்தான். செருமுவது அதைவிட மோசம், செரும வந்தால் ஒரு வாய் தண்ணீரை விழுங்கு. நிகழ்ச்சி முடிந்து இரவு ஒரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டு உடனே படுக்கிற பழக்கமும் காரணம் என்றார்கள். அமிலம் மேலேறி நாண்களை நனைத்திருக்கிறது.

எட்டாம் நாளிலிருந்து ஸ்பீச் தெரபி, பன்னிரண்டு தடவை, தடவைக்கு 700 ரூபாய். முதல் பயிற்சியைச் சொன்னால் சிரிப்பாய். டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா இரண்டு விரற்கடை மூழ்கும்படி. ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று மெல்ல ஒலித்தபடி குமிழி விட வேண்டும். குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சு ஒரே சீராக இருக்கிறது என்று பொருள். வாயின் பக்கம் அடைப்பு இருப்பதால் உள்ளே திரும்பும் அழுத்தம், நாண்கள் ஒன்றையொன்று அறையாமல் பார்த்துக்கொள்கிறது. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கத்தியவன், அடுக்களையில் உட்கார்ந்து டம்ளரில் குமிழி விட்டேன். மூன்றாம் வாரம் அந்தக் குமிழிக்குள்ளிருந்து அப்பா பாடுகிற கீர்த்தனை ஒன்றின் பல்லவி வந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றார்.

உச்சத்து நாலு சுரம் திரும்பவில்லை. பேண்ட் அந்த வருடமே கலைந்தது, சண்டை ஏதுமில்லை. டிரம்மர் துபாயில் இருக்கிறான், இப்போதும் கார்த்திகையில் மாலை போட்டோ அனுப்புவான். மைக்கேல் ஸ்வீட்டைப் பற்றி ஒன்று படித்தேன். 1992-இல் ஸ்ட்ரைப்பரை விட்டு விலகியவர், நடுவில் சில வருடம் மாசசூசெட்ஸில் மனைவி வீட்டாரின் கிரான்பெர்ரித் தோட்டத்தில் வேலை பார்த்தாராம். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பத்தின் பாடகர். 2003-இல் குழு மறுபடி சேர்ந்தது, 2008-இல் பாஸ்டன் என்ற பெரிய ராக் குழுவோடும் மேடை ஏறினார், 2009-இல் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார், பாட்டை மட்டும் விடவில்லை. அந்தத் தோட்டத்து வருடங்களைப் பற்றிப் படித்த பிறகு என் அலுவலக வேலை எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று என்னை யாரோ உசுப்பியபோது நான் கேட்காததுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். இப்போது பாடகர் குழுவில் பேஸ் வரிசையில், கீழ்க் குரல்காரர்களோடு உட்காருகிறேன். அது என் பழைய நாற்காலி இல்லை, ஜன்னல் ஓரம், காற்று வரும்.

தம்பிக்கு நேற்று போன் செய்தேன். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வா, முதலில் ஒரு டாக்டரிடம் போய் உன் நாண்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பிறகு உறுமலாம் என்றேன். பின்னால் ஏதாவது ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். வரும்போது ஸ்ட்ரா ஒன்று வாங்கி வரச் சொன்னேன். பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தமிழ்நாட்டில் 2019-லேயே தடை செய்துவிட்டார்கள், பேப்பர் ஸ்ட்ரா ஐந்தே நிமிடத்தில் ஊறித் தொளதொளத்துவிடும். ஸ்டீலில் கிடைக்கிறது, அதை வாங்கு என்றேன். "குரோல் கத்துக்க ஸ்ட்ரா எதுக்குண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.